பெருங்கணினியின் அடித்தளப் பணிக்கு ஏற்ற மொழி

கணினிக்கு ஆணையிடும் மொழிகள் பலவுள. அவற்றுள் எது சிறந்தது என வினவுதலினும், எப்பணிக்கு எது ஏற்றது என வினவுதலே முறையாம். இதனை மெயின்பிரேம் என்னும் பெருங்கணினியின் அடித்தளப் பணியை வைத்து ஈண்டு ஆராய்வாம். பல்லாயிரவர் கணக்கை ஒருங்கே தாங்கவல்லது அக்கணினி. அவர்தம் நிரல்களுக்கு நினைவகம் பகுத்தளித்தலும், வெளிக்கருவிகளின் அழைப்பை ஏற்றலும், ஒருவர் நிரலைப் பிறர் நிரல் சிதைக்காவண்ணம் காத்தலும் அடித்தளப் பணிகளாம். இவற்றுள் ஓர் ஆணை பிழைப்பினும் எல்லோர் வேலையும் நின்றுவிடக்கூடும். ஆதலின் மொழித்தேர்வு சிறு செய்தியன்று.

நம் மலைச்சாரலிற் காண்பதொன்று இதற்கு விளக்கமாகும். போடிநாயக்கனூரினின்று ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர் 17 கொண்டையூசி வளைவுகளையும் ஜீப்பில் கடந்து போடிமெட்டை அடைவர். தோட்டத்தினுள்ளோ செடிகளினிடையே நடந்தே காய் பறித்தல் வேண்டும். நடக்கத் தெரியுமென்று மலை முழுதும் நடப்பாரும் இலர். ஜீப் உண்டென்று செடிமேல் ஓட்டுவாரும் இலர்.

அசெம்பிளர் மொழி நடத்தலை ஒக்கும். ஐ.பி.எம். நிறுவனம் 1964-இல் அறிவித்த சிஸ்டம்/360 வகையும், அதன் வழிவந்து 1973-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பெற்ற 370/155 கணினியும் 16 பொதுப் பதிவகங்களை உடையன. அசெம்பிளரில் எழுதுவோர் அவற்றைத் தாமே ஆள்வர். மரபுப்படி 15-ஆம் பதிவகம் செல்லும் இடத்தையும், 14-ஆவது திரும்பும் இடத்தையும், 13-ஆவது 72 பைட்டு அளவுள்ள காப்பிடத்தையும் சுட்டும். பழைய மதிப்புகளைக் காப்பிடத்தில் வைக்க மறப்பின், அழைத்த நிரல் கெடும். ஆற்றல் மிகுதி, இடரும் மிகுதி, பிறர் படித்தறிதலும் அரிது.

மேனிலை மொழி ஜீப்பினை ஒக்கும். 1969-இல் பயன்பாட்டிற்கு வந்த மல்டிக்ஸ் என்னும் இயக்கமுறைமை பெரும்பாலும் பி.எல்./1 மொழியில் எழுதப்பெற்றது. ஐ.பி.எம்.மும் தன் முறைமைகளை எழுதற்குப் பி.எல்./எஸ். என்னும் மொழியை ஆக்கிக்கொண்டது. ஆகவே அடித்தளம் முழுதும் அசெம்பிளரே வேண்டுமென்பது பொருந்தாது.

எனினும், ஜீப்பிற்குச் சாலை வேண்டுமாப்போல, மேனிலை மொழிக்கு இயக்கச்சூழல் ஒன்று வேண்டும். சி மொழியின் சார்புகள் தத்தம் மதிப்புகளை வைக்கும் அடுக்கை அச்சூழலே அமைத்துத் தரும். அது தோன்றுமுன் இயங்கவேண்டிய பகுதியில் பொதுவான சி நிரல் செல்லாது. இக்குறையை நீக்கவே 2007-இல் மெட்டல் சி வந்தது. அது சி-யில் எழுதியதை, அச்சூழலை வேண்டாத அசெம்பிளர் ஆணைகளாக மாற்றித் தரும்.

ஆதலின் தேர்வார் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. இந்நிரல் எவ்விடத்து இயங்கும்? அதன் மொழி வேண்டும் துணை அவ்விடத்து உண்டா? பின்வருவார் இதனைப் படித்தறிவரா? கணக்கு வரவுசெலவுகட்குக் கோபால் தகும். இயக்குநரின் அன்றாட ஏவல்கட்கு ரெக்ஸ் தகும். அடித்தளத்தில் சாலை உள்ளளவும் மெட்டல் சி போன்றன தகும். சாலை முடியுமிடத்தில் மட்டும் அசெம்பிளர் வேண்டும். அப்பகுதியைச் சிறிதாக்கி, ஒவ்வோர் ஆணையின் நோக்கத்தையும் அருகே எழுதிவைத்தல் கடன்.

மூன்றாம் வினாவையே பலரும் மறப்பர். எழுதினார் பணிநீங்கிய பின்னும் நிரல் நீங்குவதில்லை. சிஸ்டம்/360-க்கு வகுத்த ஆணைகள் பல அதன் வழிவந்த கணினிகளில் இன்றும் இயங்குகின்றன. தமிழ் பயிலும் நாமும் இதனை உணரக் கடவோம்: எழுதும் இடமறிந்து மொழியைத் தேர்தல் எழுதுவோன் திறன், படிப்போனை நினைந்து எழுதுதல் அவன் அறம்.