புகை அலமாரியும் குமுட்டி அடுப்பும்

சென்ற ஆண்டு எங்கள் அறைக்கு ஓர் இரும்பு அலமாரி வந்து சேர்ந்தது. ஆராய்ச்சியை முடித்துக்கொண்டு புனேயை விட்டுச் சென்ற மூத்த மாணவர் ஒருவர், தூக்கிச் செல்ல மனமில்லாமல் எங்களிடம் விட்டுப் போனார். மார்பளவு உயரம், ஒரு கதவு, உள்ளே நான்கு கம்பித் தட்டுகள், கூரையில் ஒரு புகைவாய். அடியில் வாயு அடுப்பு; அதற்கு மேலே மரச் சிராய் போடும் சிறு கிண்ணம்; அதற்கும் மேலே தண்ணீர்த் தட்டு. அமெரிக்க நாட்டில் மீனையும் இறைச்சியையும் புகையிலே மெல்ல வேகவைப்பதற்கென்று செய்யப்படும் சாதனம் இது. புரொப்பேன் வாயுவால் எரிவது.

நான் தூத்துக்குடிக்காரன். புகையூட்டிய மீன் எனக்குப் புதிதன்று. மாலத்தீவிலும் மினிக்காயிலும் சூரை மீனை அவித்து, புகையிலிட்டு, வெயிலில் உலர்த்தி மரக்கட்டைபோல் ஆக்குகிறார்களே, அந்த மாசிக் கருவாட்டின் மணம் எங்கள் வீட்டுச் சமையலறையில் என்றும் உண்டு. அந்த மணத்தைப் புனேயில் வரவழைக்கலாம் என்ற ஆசைதான் இந்தக் கட்டுரைக்கு மூலகாரணம். (மாசி மாதக்கணக்கில் கெடாது, இந்த அலமாரியில் வேகும் மீன் அப்படியல்ல. அன்றே உண்ண வேண்டும். நண்பர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

வாயுவை ஏன் கைவிட்டோம் என்று கேட்பீர்கள். அலமாரியோடு வந்த ரெகுலேட்டரின் மரை நம் நாட்டு சிலிண்டரின் வாயில் பொருந்தவில்லை. பொருந்தாத இடத்தில் துணியும் பசையும் சுற்றிப் பொருத்துகிற துணிச்சல் எங்களுக்கு இல்லை, எவருக்கும் இருக்கக்கூடாது. அன்றியும், அறையில் சிலிண்டர் கூடாது என்பது வீட்டுக்காரரின் கட்டளை. ஆகவே வாயு அடுப்பு, குழாய், திருகு எல்லாவற்றையும் கழற்றி அப்புறப்படுத்தினோம். கரி எரியும் பெட்டியில் வாயுக் குழாயின் துண்டுகூட மிச்சம் இருத்தல் ஆகாது.

ஒரு கிலோ சமையல் வாயு எரிந்தால் ஏறக்குறைய 11,000 கிலோ கலோரி உஷ்ணம் தரும். நல்ல மரக்கரி 7,000. காய்ந்த விறகு 4,000. ஆக, வாயுவைப்போல் ஒன்றரை மடங்கு கரி போட்டால் கணக்கு சரியாகிவிடும் என்று எண்ணினோம். பௌதிகம் படிப்பவன் என்று சொல்லிக்கொள்ள இன்று எனக்கே வெட்கமாயிருக்கிறது.

முதல் ஞாயிறு, பழைய இரும்புச் சட்டி ஒன்றில் கரியைக் கொட்டி, மூட்டி, கதவைச் சாத்தினோம். எங்களுக்கு வேண்டியது 110 டிகிரி சென்டிகிரேடு. உஷ்ணமானியின் முள் அரைமணி நேரத்தில் 200-ஐத் தாண்டியது. சிவாஜி மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய வஞ்சிர மீன் துண்டுகள் கரியோடு கரியாயின. அடுத்த ஞாயிறு கரியைப் பாதியாகக் குறைத்தோம். அப்போதும் முள் ஏறியது, சற்று முன்னதாக இறங்கியது, அவ்வளவுதான். மூன்றாம் முறை, அலமாரியின் அடிப்பாகம் திறந்து கிடப்பதைக் கண்டு அதைத் தகடு வைத்து அடைத்தோம். தீ சோர்ந்து, கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை கிளம்பிற்று. சோர்ந்த தீயை எழுப்ப மேலும் கரி கொட்டினேன்.

மாடியில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆஜி இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தார். மராத்தியில் பாட்டியை ஆஜி என்பார்கள். அவர் எழுந்து வந்து, "பாளா, கரியைக் கொட்டாதே, வாசலைப் பார்" என்றார். எந்த வாசல் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் தம் வீட்டிலிருந்து ஒரு பழைய ஷேகடியைக் கொண்டுவந்து காட்டினார். அது நம் குமுட்டி அடுப்பேதான்! மேலே கரி, நடுவே சல்லடைத் தட்டு, கீழே சாம்பல் விழும் அறை, அந்த அறைக்கு ஒரு சிறு வாசல். பால் பொங்க வேண்டுமானால் வாசலைத் திறப்பார்கள். பருப்பு மெல்ல வேக வேண்டுமானால் ஓட்டுத்துண்டால் மூடுவார்கள். என் பாட்டியும் விசிறியும் கையுமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். பார்த்திருக்கிறேன், படித்ததில்லை.

வாயு அடுப்பில் எரிபொருள் சிறிது சிறிதாக வருகிறது. காற்று வேண்டிய மட்டும் கிடைக்கிறது. திருகைத் திருப்பினால் எரிபொருள் குறைகிறது, உஷ்ணமும் குறைகிறது. அதனால்தான் அதன் அடிப்பாகத்தைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். கரி அடுப்பிலோ எரிபொருள் முழுவதும் முன்கூட்டியே உள்ளே இருக்கிறது. அங்கே காற்றைத்தான் அளந்து விட வேண்டும். வாயு அலமாரியைக் கரிக்கு மாற்றுவது என்றால், எரிபொருளின் மேல் இருந்த திருகைக் கழற்றிக் காற்றின் மேல் வைப்பது என்று பொருள்.

அப்படியானால் எவ்வளவு காற்று? இங்கேதான் நாம் படித்த படிப்பு உதவிற்று. அலமாரியை 110 டிகிரியில் நிறுத்த, அதன் சுவர் வழியே போகும் உஷ்ணத்தைக் கணக்கிட்டால் மணிக்குச் சுமார் 250 கிராம் கரி வேண்டும். ஒரு கிலோ கரி முற்றிலும் எரியப் புனேக் காற்றில் சுமார் 9 கன மீட்டர் தேவை. (கடல் மட்டத்திலிருந்து 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம், தூத்துக்குடிக் காற்றைவிட இங்குள்ள காற்று சற்று மெல்லியது.) எந்தத் தீயும் ஏட்டுக் கணக்கின்படி எரிவதில்லையாகையால் இரு மடங்காக வைத்துக்கொண்டால், மணிக்கு நாலரை கன மீட்டர்.

இந்தக் காற்றை இழுப்பது எது? அலமாரியின் உயரமே. வெளியே 27 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.1 கிலோ, உள்ளே 110 டிகிரியில் 0.86 கிலோ. உள்ளிருக்கும் காற்று இலேசானது, ஆகவே மேலே ஏறிப் புகைவாய் வழியே வெளியேறுகிறது. அதன் இடத்தை நிரப்பக் கீழிருந்து புதுக்காற்று நுழைகிறது. ஒரு மீட்டர் உயரத்துக்கு இந்த இழுவிசை, ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் கால் கிலோவைப் பரப்பி வைத்ததற்குச் சமம். மிக அற்பமான அழுத்தம்தான். ஆனால் துளை வழியே விநாடிக்கு ஒரு மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் காற்றைச் செலுத்த அது போதும். கணக்கிட்டுப் பார்த்தால், கீழே வேண்டிய திறப்பு சுமார் 10 சதுர சென்டிமீட்டர்! அதாவது இரண்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள மூன்று துளைகள், உபரியாக ஒன்று. நாங்கள் திறந்துவைத்திருந்ததோ ஒரு சாப்பாட்டுத் தட்டளவு.

ஜூனா பஜாரில் புதன், ஞாயிறு இரு நாளும் பழைய இரும்பு கிடைக்கும். அங்கே தடித்த கம்பி வலையும் இரும்புத் தகடும் வாங்கினோம். துத்தநாகம் பூசிய தகடு மலிவாகவே கிடைத்தது, வாங்கவில்லை. கனலும் கரிக்கு அருகே உஷ்ணம் 800 டிகிரியை எட்டும். துத்தநாகமோ 420-லேயே உருகிவிடும். அதன் ஆவியைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். வலையைக் கூடையாக வளைத்து, சாம்பல் விழ அடியில் நாலு விரற்கடை இடம் விட்டுக் கால் வைத்தோம். அடித்தகட்டுக்கு மேலே பக்கச் சுவரில் நான்கு துளைகள் இட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒற்றை ஆணியில் சுழலும் மூடி பொருத்தினோம். கதவிடுக்கைக் கண்ணாடி இழைக் கயிறு வைத்து அடைத்தோம். கூரைப் புகைவாயை மட்டும் தொடவில்லை. அது எப்போதும் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். சூடான காற்று விரிவதால் வெளியேறும் வழி நுழையும் வழியைவிடப் பெரியதாயிருப்பது அவசியம்.

அதன்பின் முள் 105-க்கும் 115-க்கும் இடையே நின்றது. இத்தோடு முடித்திருந்தால் இனிய கட்டுரையாக இருந்திருக்கும்.

ஜூலை மழை வந்தது. மொட்டைமாடியில் நனையாமல் இருக்க, அலமாரியை எங்கள் பால்கனிக்குள் நகர்த்தி, சாரலுக்குப் பிளாஸ்டிக் திரையும் கட்டினோம். என் அறைத் தோழர் உஷ்ணமானியைக் கவனிக்க அருகே நாற்காலி போட்டு அமர்ந்தார். முக்கால் மணி நேரம் கழித்துத் தலைவலி என்றார். பசி மயக்கம் என்று நான் கேலி செய்தேன். சற்றுநேரத்தில் அவர் எழ முயன்று, முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் என் நெற்றியும் துடிப்பதை உணர்ந்தேன். திரையைக் கிழித்தெறிந்து அவரை மழையிலே மாடிக்கு இழுத்துச் சென்றேன். ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் ஆக்ஸிஜன் கொடுத்து அனுப்பினார்கள்.

காரணம் நாம் எல்லோரும் பாடத்தில் படித்ததுதான். கரிப் படுகையின் அடியில் பிறக்கும் கரியமில வாயு, மேலே கனலும் கரியினூடே ஏறும்போது கார்பன் மோனாக்ஸைடாக மாறுகிறது. கரியின் மேல் நீலச் சுடர் தெரிந்தால் அது எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மேலே போதிய காற்று இல்லாவிட்டால் எரியாமலே வெளியேறும். நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேலான பற்றுடன் பிடித்துக்கொள்ளும். உஷ்ணத்தைக் குறைக்க எந்தத் துளையை மூடுகிறோமோ, அதுவே இந்த நஞ்சை மிகுவிக்கிறது. வாயு அலமாரியையும் வீட்டினுள் வைக்கலாகாது. கரி அலமாரியைக் கூரையும் திரையும் உள்ள எந்த இடத்திலும் வைக்கலாகாது. மழையென்றால் அன்று மீன் குழம்புதான்.

எந்தக் கரி நல்லது என்பதையும் சொல்லவேண்டும். இராமநாதபுரம் பக்கத்தில் சீமைக் கருவேல மரத்தை அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டுக் கரி எடுப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கும் வித்தை காற்றை அடைப்பதில்தான் இருக்கிறது. புனேக்காரர்கள் மரமே இல்லாமல் கரி செய்தார்கள். மகாராஷ்டிரத்தில் கரும்பு வெட்டியபின் சோகையை வயலிலேயே கொளுத்திவிடுவது வழக்கம். 1996-ல் ஆனந்த் கார்வே இங்கே நிறுவிய ஆர்த்தி என்னும் கிராமத் தொழில்நுட்ப நிலையம், அந்தச் சோகையை மூடிய பீப்பாய்களில் அடைத்துச் சூளையில் சுட்டுக் கரியாக்கி, பசை சேர்த்து வில்லைகளாக அழுத்தும் முறையை உருவாக்கியது. 2002-ல் அதற்கு ஆஷ்டன் விருது கிடைத்தது. அவர்கள் வடிவமைத்த சராய் என்ற குக்கர், சுமார் 100 கிராம் கரி வில்லையில் ஒரு குடும்பத்துக்கு ஒருவேளைச் சமையலை முடித்துவிடுகிறது. (கார்வே, மானிடவியல் அறிஞர் இராவதி கார்வேயின் மகன்.) எங்கள் அனுபவத்தில் வில்லைக் கரி சாம்பல் மிகுதியாகத் தந்தாலும் ஒரே சீராக எரிகிறது.

முழுக்க விறகையே எரிக்கலாமா என்றால், இந்தச் சிறு பெட்டியில் வேண்டாம் என்பேன். விறகு புகையின்றி எரிய நிறையக் காற்று கேட்கும். காற்று விட்டால் உஷ்ணம் ஏறும். அடைத்தால் கசக்கும் கீல் புகை வரும். கரி உஷ்ணத்துக்கு, விறகு மணத்துக்கு என்று பிரித்துக்கொள்வதே நன்று. கரியின் மேல் கட்டைவிரல் அளவு மாங்கட்டை இரண்டு வைத்தால் போதும். கட்டையிலுள்ள லிக்னின் சிதைந்து பிறக்கும் குவயகோல் முதலிய பொருள்களே புகைமணத்துக்கு மூலம். பிசின் உள்ள மரமும் வர்ணம் பூசிய பலகையும் அறவே கூடாது. மீன் கொழுப்பு கனலில் சொட்டினால் பென்ஸோபைரீன் போன்ற புற்றுநோய்ப் பொருள்கள் உண்டாகும். ஆகவே பழைய தண்ணீர்த் தட்டு நடுவிலேயே இருக்கட்டும். மீனின் உட்பாகம் 63 டிகிரியை அடைந்ததா என்று ஊசி உஷ்ணமானியால் பார்த்தபின் இறக்குங்கள்.

வாயுவைத் திருகினால் அந்தக் கணமே அணையும். கரி அப்படியன்று. நான்கு துளையையும் மூடிய பிறகும் இரண்டு மூன்று மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். அதுவரை ஒருவர் மாடியில் காவல் இருக்க வேண்டும். சாம்பலை மூடியுள்ள தகரத்தில் ஒரு நாள் வைத்த பின்புதான் கொட்டுகிறோம். கொட்டுவது ஆஜியின் துளசி மாடத்தருகே உள்ள செடிகளுக்கு. அவர் மீன் உண்பதில்லை; சாம்பலை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.