புல் நடுவதற்கு முன் ஐந்து மாதம்

பாரதி பூங்காவையும் தாவரவியல் பூங்காவையும் பார்த்து வளர்ந்த புதுச்சேரிக்காரர்களுக்கு, வீட்டு வாசலில் கொஞ்சம் புல்தரை இருக்கணும் என்பது இயல்பான ஆசை. நகரத்தைச் சுற்றி நாற்றங்கால் வைத்திருக்கும் நம்ம உழவர்களிடம்தான் இந்த வேலை வருது. வழக்கமா நடப்பது இதுதான்: ஒரு லோடு செம்மண் கொட்டுவாங்க, மண்ணோடு வெட்டி எடுத்த புல் பத்தைகளை மேலே பதிப்பாங்க, தண்ணீர் விடுவாங்க. ஒரு மாதத்தில் புல்லுக்கு மேலே கோரை எட்டிப் பார்க்கும். உடனே யாராவது களைக்கொல்லி அடிக்கச் சொல்வாங்க.

களைக்கொல்லி இல்லாமல் புல்தரை போட முடியுமா? முடியும். ஆனால் புல் நட்ட பிறகு செய்யும் வேலையால் அல்ல, நடுவதற்கு முன் செய்யும் வேலையால். இந்தப் பாடம் புல்தரைக்கு மட்டுமில்லை. தீவனப்புல், முருங்கை, மல்லிகை என்று ஒருமுறை நட்டுப் பல வருஷம் வைத்திருக்கும் எதற்கும் பொருந்தும்.

கோரையின் குணம்

1977இல் வெளிவந்த 'உலகின் மிக மோசமான களைகள்' என்ற ஆங்கில நூலில் முதலிடம் நம்ம கோரைக்குத்தான். 90க்கும் மேற்பட்ட நாடுகளில் அது தொல்லை. காரணம் அதன் கிழங்குகள். மண்ணுக்குள் மணிமாலை மாதிரி ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும். பெரும்பாலானவை மேல் அரை அடி மண்ணில்தான் இருக்கும், சில இன்னும் ஆழத்தில் இருக்கும்.

மாலை அறுபடாமல் இருக்கும் வரை நுனிக் கிழங்குதான் முளைக்கும், மற்றவை தூங்கும். ஒருமுறை கொத்திவிட்டால் மாலை அறுந்து, தூங்கியவை எல்லாம் எழுந்துவிடும். "கொத்தினால் கோரை கூடுது" என்று நம்மாட்கள் சொல்வது சரிதான். ஒரு தடவை கொத்தி நிறுத்தினால் கூடும், விடாமல் தொடர்ந்து கொத்தினால் குறையும்.

கிளைபோசேட் அடித்தாலும் இலையோடு தொடர்பில் இருக்கும் கிழங்கு சாகும், தூங்கும் கிழங்கு பிழைத்துவிடும். அதனால் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டி வரும். அந்த மருந்தை 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்று வகைப்படுத்தியது. குழந்தைகள் உருண்டு விளையாடும் தரைக்கு அது எதுக்கு?

இன்னொன்றும் சொல்லணும். கல் உப்பைக் கரைத்துக் கோமியத்தோடு அடிப்பதை 'இயற்கைக் களைக்கொல்லி' என்று நம்ம ஆட்களே பரப்புறாங்க. உப்பு மக்காது, மண்ணிலேயே தங்கும். கடலோரத்தில் நிலத்தடி நீரே உப்பாகி வரும் புதுச்சேரியில் இதைச் செய்வது நமக்கு நாமே வைக்கும் கெடுதல்.

சித்திரை: கொத்திக் காயவிடுதல்

கத்திரி வெயிலை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்க. ஓர் அடி ஆழம் கொத்திப் புரட்டி, கண்ணில் படும் கிழங்குகளைப் பொறுக்கிவிடணும். மீதி மண்ணை அப்படியே வெயிலில் விடுங்க. வாரம் ஒரு தடவை புரட்டினால் அடியில் கிடப்பது மேலே வந்து காயும். கிழங்கு சுருங்கிக் கெட்டியாகும் வரை காய வேண்டும், அதற்கு இரண்டு வாரமாவது ஆகும். பொறுக்கிய கிழங்கை எருக்குழியில் போடாதீங்க. அங்கிருந்து மறுபடி நிலத்துக்கே வரும். கழுவிக் காயவைத்தால் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கோரைக்கிழங்கு அதுதான்.

வைகாசி, ஆனி: முளைக்கவிட்டு அழித்தல்

அடுத்தது கொஞ்சம் விநோதமா தெரியும். வெறும் மண்ணுக்குத் தண்ணீர் விடணும். களை விதையும் மிச்சக் கிழங்கும் முளைக்கட்டும். மூன்று நான்கு இலை விட்டதும் களைக்கொத்தால் மேலாகச் செதுக்குங்க. ஆழமாக் கொத்தினால் அடியில் கிடக்கும் விதைகள் மேலே வந்துவிடும். 15 நாள் இடைவெளியில் மூன்று முறை செய்யணும். புதுக் கிழங்கு கட்ட கோரைக்கு மூன்று வாரத்துக்கு மேல் வேணும். அதற்குள் இலையை எடுத்துவிட்டால், கிழங்கு சேமித்த மாவுச்சத்தைச் செலவழித்தே மறுபடி முளைக்கணும். அப்படித்தான் அது ஓய்ந்து போகும்.

ஆடி: நிழல் போடுதல்

கோரைக்கு நிழல் ஆகாது. ஆடிப்பட்டத்தில் சணப்பு அல்லது தக்கைப்பூண்டை நெருக்கமா விதையுங்க. ஏக்கருக்கு 20 கிலோ கணக்கில் ஒரு சென்ட்டுக்கு 200 கிராம் விதை. தட்டைப்பயறு கலந்தாலும் நல்லது. 45 நாளில் பூக்கும்போது அறுத்து மண்ணில் மடக்கி உழுதால் களை அடங்கும், மண்ணும் பொலபொலப்பாகும்.

ஆவணி: மண்ணைச் சேர்த்தல்

நகரத்துக்குள்ளேயே மண் மாறும். கடற்கரைப் பக்கம் மணல், தண்ணீர் நிக்காது. கோரிமேட்டுப் பக்கம் செம்மண், காய்ந்தால் இறுகும். வில்லியனூர், பாகூர்ப் பக்கம் வண்டல், தண்ணீர் தேங்கும். மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான்: நன்கு மக்கிய எரு, சென்ட்டுக்கு 150 முதல் 200 கிலோ. பச்சைச் சாணத்தில் களை விதை உயிரோடு இருக்கும். சூடேறி மக்கிய எருவில்தான் அது சாகும். கூடவே 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு போடலாம். வீட்டிலிருந்து வெளிப்பக்கம் தண்ணீர் வடிய லேசான சரிவு வைத்து, மட்டப்பலகையால் சமன் செய்யுங்க.

வெளியிலிருந்து மண் வாங்கியே ஆகணும் என்றால் முதலில் சோதியுங்க. இரண்டு தட்டு மண் வாங்கி வந்து, தண்ணீர் தெளித்து மூன்று வாரம் வையுங்க. கோரை முளைத்தால் அந்த லோடு வேண்டாம்.

புரட்டாசி: நடவு

நம்ம வெயிலுக்கு அருகம்புல்தான். வரப்பில் அதை வெட்டி வெட்டிச் சலித்த உழவர் சிரிக்கலாம். ஆனால் மிதிபட்டும், வறட்சி தாங்கியும், ஓரளவு உப்பு நீரிலும் பிழைக்கும் புல் வேறெது? நிழலில் மட்டும் அது வராது, அதனால் மரத்தடியை விட்டுவிடுங்க.

மண்ணோடு வரும் பத்தைகளை வாங்கினால் கோரையையும் காசு கொடுத்து வாங்குகிறோம். தண்டை மட்டும் எடுத்து, நீரில் அலசி, இரண்டு மூன்று கணு இருக்குமாறு நறுக்கி, 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஊன்றுங்க. ஒரு சென்ட்டுக்கு ஏறக்குறைய 4,000 குத்து. நடுவதற்கு முந்தின நாள் கடைசியாக ஒருமுறை மேலாகச் செதுக்கிவிடுங்க.

நம்ம மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான். அதற்குள் வேர் பிடித்திருக்கணும். வெறும் செம்மண் மழையில் என்னவாகும் என்பதற்குப் பக்கத்து ஆரோவில் மேடு சாட்சி. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அது மரமில்லாமல் அரித்துப் பள்ளம் விழுந்த நிலம். வரப்பு போட்டு மழைநீரை நிறுத்தி, மரம் வைத்துத்தான் மீட்டாங்க. அதனால் நடவு தள்ளிப்போனால் மண்ணைச் சும்மா விடாமல் வைக்கோல் மூடாக்கு போடுங்க.

நட்ட பிறகு

முதல் இரண்டு மாதம் வாரம் ஒரு தடவை பார்வை அவசியம். மழை விட்ட மறுநாள் ஈரத்தில் கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுங்க, இலையை மட்டும் கிள்ளுவதில் பயன் இல்லை. 15 நாளுக்கு ஒருமுறை பஞ்சகவ்யா, 10 லிட்டர் நீருக்கு 300 மில்லி. வெட்டும்போது புல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீங்க. ஒட்ட வெட்டினால் வெயில் தரையில் பட்டு, களை விதை மறுபடி முளைக்கும்.

இவ்வளவு வேலை இருப்பதால் சின்னதா தொடங்குங்க. அரை சென்ட் போதும். தண்ணீர்ச் செலவும் அடங்கும். மீதி இடத்தில் கீரையும் கத்தரியும் போட்டால் வீட்டுக்கு ஆகும். கேட்டு வரும் வாடிக்கையாளரிடமும் ஐந்து மாதம் ஆகும் என்று முதல்நாளே சொல்லிவிடுங்க. சித்திரையில் முன்பணம் வாங்கி வேலையைத் தொடங்கினால்தான் புரட்டாசியில் புல் நட முடியும்.