நம்பிக்கைகளும் உண்மைகளும்: துணைக்கு இன்னொரு குட்டி

“தனியாக் கெடந்து கத்துது, இன்னொண்ணு கொண்டாந்து விட்டா அடங்கிரும்.” தலவாக்கலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் நாய்க்குட்டி வளர்க்கும் வீட்டுக்கு முதலில் கிடைக்கும் யோசனை இதுதான். அம்மா கொழுந்து எடுக்க மலைக்குப் போய்விடுவார், அப்பா கொழும்பில் கடை வேலையில் இருப்பார், பிள்ளைகள் பாடசாலையில். இஸ்தோப்பில் கட்டிப்போட்ட குட்டி காலையில் தொடங்கிய ஊளையைப் பொழுது சாயும்வரை விடாது. ஒரே கூரையின் கீழ் இத்தனை காம்பராக்கள் இருக்கும் லயத்தில் அது அந்த ஒரு வீட்டின் பாடு மட்டுமல்ல. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து லயத்தில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தால், அடுத்த நாளே இரண்டாவது குட்டி வந்து சேர்ந்துவிடும்.

இரக்கத்தில் எடுக்கும் முடிவுதான். ஆனால் நாய் ஏங்குவது இன்னொரு நாய்க்காக என்ற நினைப்பு பெரும்பாலும் சரியில்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநில ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. எட்டு நாய்கள், ஒன்றாகப் பிறந்து, வருடக்கணக்காகச் சோடி சோடியாக ஒரே கூட்டில் வாழ்ந்தவை. அவற்றைப் பழக்கமில்லாத இடத்தில் தனியே விட்டபோது இரத்தத்தில் மன அழுத்த ஹோர்மோன் ஏறியது. சோடி நாயையும் கூடவே விட்டார்கள், அப்போதும் ஏறியது. தினமும் பராமரித்த மனிதர் பக்கத்தில் இருந்தபோதுதான் ஏறவில்லை. பிறந்ததிலிருந்து கூட இருந்த நாயால் தர முடியாத ஆறுதலை, சோறு வைத்த மனிதர் தந்திருக்கிறார்.

சின்னக் குட்டிகள் ஒட்டிப் படுத்தால் இந்த ஊர்க் குளிர் தாங்கும், கத்தலும் ஓரளவு குறையும். அதை மறுக்கவில்லை. ஆனால் ஆளைத் தேடி அழுகிற குட்டிக்கு அந்த அணைப்பு போதாது. பல வீடுகளில் முதல் குட்டி ஊளையிட, இரண்டாவது அதைப் பார்த்துப் பழகி, இரண்டு குரலாகிவிடுகிறது.

“ஒண்ணப் பாத்து ஒண்ணு கத்துக்கும்” என்பதும் பாதிதான் உண்மை. குரைப்பதையும் கோழி விரட்டுவதையும் சீக்கிரமே கற்றுக்கொள்ளும். கூப்பிட்டால் வருவதை நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதுவும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. குட்டி மனிதர்களோடு நெருங்கிப் பழகும் பருவம் ஏறக்குறைய மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம்வரை என்று ஸ்கொட், புல்லர் என்ற ஆய்வாளர்கள் 1965இல் வந்த தங்கள் நூலில் விளக்கினார்கள். அந்த நாட்களில் இரண்டு குட்டிகளும் ஒன்றோடொன்றே உருண்டு புரண்டு கிடந்தால், வீட்டு ஆட்களோடு பழகும் நேரம் குறைந்துவிடும். ஒரே வயதில் இரண்டை வளர்க்கவே முடியாது என்பதல்ல, வேலை இரட்டிப்பாகும். அந்த நேரம் இல்லாததால்தானே இரண்டாவது குட்டியைத் தேடினோம்?

“கண்ணு தெறந்து சோறு திங்க ஆரம்பிச்சா தூக்கிட்டு வந்திரலாம்” என்பார்கள். வேண்டாம். இத்தாலியில் நடத்தி 2011இல் வெளியான ஆய்வொன்று, 30 முதல் 40 நாளுக்குள் தாயிடமிருந்து பிரித்த 70 நாய்களையும் இரண்டு மாதத்தில் பிரித்த 70 நாய்களையும் ஒப்பிட்டது. முன்கூட்டியே பிரிந்தவற்றிடம் அளவுக்கு மீறிய குரைப்பும் பயமும் பொருட்களைக் கடித்து நாசமாக்குவதும் கூடுதலாக இருந்தன. நாய் வைத்திருப்பவரிடம் எட்டு வாரம்வரை தாயோடு விடச் சொல்லிக் கேளுங்கள்.

கூடப்பிறந்த ஆணும் பெட்டையும் இணை சேராது என்று நம்பி ஒரே ஈற்றில் இரண்டை எடுப்பவர்கள் உண்டு. நாய்க்கு அண்ணன் தங்கை கிடையாது. ஆறு மாதம் கடந்தால் பெட்டை பருவத்துக்கு வரலாம். சேர்ந்தால் ஏறக்குறைய 63 நாளில் குட்டிகள். அதில் பெட்டைக் குட்டிகள் பஸ் ஸ்டாண்டிலும் கோயிலடியிலும் மழையில் நனைந்து கிடப்பதைப் பார்க்கிறோம். கருத்தடை செய்யாமல் இரண்டாவது நாய் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இரண்டும் பெட்டையாக இருந்தால் சண்டை வராது என்பதும் தவறு. ஒரே வீட்டில் சண்டையிடும் 38 சோடி நாய்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வொன்றில் 79 வீதம் ஒரே பாலினச் சோடிகள்.

நோய் விஷயத்தில்தான் உயிரே போகிறது. முதல் குட்டி வயிற்றுப்போக்கில் செத்துப்போக, பிள்ளைகள் அழுகிறார்கள் என்று அதே சாக்கில் இன்னொன்றைக் கொண்டுவந்து படுக்க வைக்கிறோம். செத்தது பார்வோ வைரஸால் என்றால், அது அந்த மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெயில் படாத, குளிர்ந்த, ஈரமான இடத்தில் இன்னும் நீடிக்கும். ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்தில், வெயிலைத் தேடிப் பார்க்க வேண்டிய நம் ஊர் அதற்கு வாய்ப்பான இடம். சாக்கை எரித்துவிடுங்கள். சீமெந்துத் தரையை முதலில் கழுவி, ஒரு பங்கு குளோரின் பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். புதிதாக வரும் குட்டி தடுப்பூசி முழுதாகப் போட்டபின் வரட்டும். முதல் குட்டி உயிரோடு இருக்கும்போது புதியது வந்தால், இரண்டு வாரம் தள்ளியே வையுங்கள்.

“பால்குட்டிதானே, கடிச்சா ஒண்ணும் ஆகாது” என்ற பேச்சு அதைவிட ஆபத்து. நீர்வெறுப்பு நோய் குட்டியிடமிருந்தும் வரும். தெருவில் எடுத்த குட்டி கடித்தாலோ நகத்தால் கீறினாலோ, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அங்கே ஊசி இலவசம். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் நாளை பி.எச்.ஐ.யிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாய் இருந்தால் சிறுத்தை கிட்ட வராது என்பாரும் உண்டு. தேயிலை மலையை ஒட்டிய காட்டுத் துண்டுகளில் வாழும் சிறுத்தைக்கு நாய் ஒரு இரை. சங்கிலியில் கட்டிய இரண்டு குட்டிகள் அதைத் தடுக்கப் போவதில்லை. இராத்திரியில் உள்ளே எடுங்கள்.

கத்துகிற குட்டிக்கு முதலில் செய்ய வேண்டியது வேறு. மலைக்குப் போகுமுன் பத்து நிமிடம் அதோடு நடங்கள். பகல் சாப்பாட்டுக்கு வரும்போது அவிழ்த்துவிட்டு விளையாடுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால், சங்கிலியை அவர் உட்காரும் பக்கம் மாற்றுங்கள். உங்கள் வாசம் உள்ள பழைய படங்கை அதன் படுக்கையில் போடுங்கள். லீவு நாளில் ஒரு நிமிடம் வெளியே போய், அது அழுமுன் திரும்பி வாருங்கள். பிறகு இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று கூட்டுங்கள். அழுத பிறகு அடிப்பதால் பயம்தான் கூடும்.

முதல் நாய்க்கு ஒரு வயது கடந்து, தடுப்பூசியும் கருத்தடையும் முடிந்து, தனியாக அமைதியாகப் படுக்கப் பழகிய பிறகும் இன்னொன்றின் மேல் உங்களுக்கே ஆசை இருந்தால் தாராளமாக எடுங்கள். முதல் சந்திப்பை இஸ்தோப்பில் வைக்காமல் ரோட்டோரத்தில் வையுங்கள்; இரண்டையும் பக்கம் பக்கமாகக் கொஞ்ச தூரம் நடத்திக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். சோற்றுத் தட்டை மட்டும் எத்தனை வருடம் ஆனாலும் தள்ளித் தள்ளியே வையுங்கள்.