வினாத்தாளே வாத்தியார்



டிப்ளமோ படிக்கிற நமக்கு எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வைப் பற்றி இப்பவே என்ன பேச்சு என்று சிலர் சிரிக்கலாம். ஐ.ஐ.எம். கல்லூரிகளில் சேர எழுதும் காமன் அட்மிஷன் டெஸ்ட், அதாவது ‘கேட்’ (பொறியியல்காரர்கள் எழுதும் ‘கேட்’ வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்), பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கும் இறுதியாண்டில் படிப்பவர்களுக்கும்தான். நாம் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு சேர்ந்தால் மூன்று வருடம் இருக்கிறது. ஆனால் கணக்கும் ஆங்கிலமும் மூன்று மாதத்தில் வந்துவிடுமா?

எதை வைத்துப் படிப்பது என்பதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு ஜெராக்ஸ் புத்தகம் கிடைத்தது. அதில் ஒரு கணக்கு: போகும்போது மணிக்கு 40 கி.மீ., அதே தூரம் திரும்பும்போது 60 கி.மீ. வேகம் என்றால் சராசரி வேகம் என்ன? எனக்கு 48 வந்தது. பின்பக்கத்தில் விடை 50 என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டில் படித்தவர்கள் யாருமில்லை, கேட்க ஆளில்லை. அச்சில் இருப்பது தப்பாகுமா என்று என் விடையை அழித்துவிட்டு 50 என்று எழுதி வைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் தூரம் 120 கி.மீ. என்று வைத்துப் பார்த்தேன். போக 3 மணி, வர 2 மணி, ஆக 240 கி.மீ.க்கு 5 மணி. 48தான் சரி! கணக்கு போனது பெரிசில்லை, இரண்டு நாளாக ‘நமக்கு இதெல்லாம் வராது’ என்று நினைத்தேனே, அதுதான் பெரிசு.

அதனால்தான் சொல்கிறேன், தேர்வு நடத்துபவர்களின் வினாத்தாளையே முதலில் எடுங்கள். கேட் தேர்வு முடிந்ததும் விடைக் குறிப்பு வெளியாகிறது. தப்பு என்றால் எழுதியவர்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அப்படி அலசப்பட்ட விடையை நம்பி உட்காரலாம். தேர்வுக்கு முன் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் மாதிரித் தேர்வும் இலவசமாக உண்டு. திரை, கடிகாரம், கால்குலேட்டர் எல்லாம் எப்படியிருக்கும் என்று நம்ம காலேஜ் லேபிலேயே பழகிக்கொள்ளலாம்.

அசல் வினாக்களில் இன்னொரு விசேஷம், தப்பான விடைகளையும் யோசித்துத்தான் வைக்கிறார்கள். மேலே சொன்ன கணக்கு வந்தால் 50 என்பதும் ஒரு விடையாக நிச்சயம் உட்கார்ந்திருக்கும், அவசரக்காரனுக்காக! ஆகவே தப்பு செய்தால் சரியான விடையை மட்டும் நோட்டில் எழுதாதீர்கள். ‘இரண்டு வேகத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தேன், நேரத்தைப் பார்க்கவில்லை’ என்று காரணத்தை எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து நோட்டைப் பார்க்காமல் மறுபடி போடுங்கள். என் நோட்டில் ஒரே காரணம் ஏழு இடத்தில் இருக்கிறது, வெட்கமாகத்தான் இருக்கிறது.

மதிப்பெண் முறையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். சரிக்கு 3, தப்புக்கு 1 குறையும். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாக லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. ஒரு விடை நிச்சயம் தப்பு என்று தள்ள முடிந்தால் லாபம் நம் பக்கம் வருகிறது. விடையை நாமே டைப் செய்யும் வினாக்களுக்குக் கழிவு கிடையாது, அதைக் காலியாக விடுவது வீண்.

பழைய தாள்களில் ஒரு எச்சரிக்கை. 2019 வரை 3 மணி நேரம், 100 வினா. 2020 முதல் 2 மணி நேரம், பகுதிக்கு 40 நிமிடம், முடிந்த பகுதிக்குத் திரும்ப முடியாது. 2024-இல் 68 வினாக்கள். வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கான ஜி-மேட் தேர்விலும் 2023-இல் வந்த புது வடிவத்தில் வாக்கியத் திருத்தமும் வடிவியலும் இல்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கி அதையே உருப்போட்டால் என்னாவது?

நான் வைத்திருக்கும் ஏற்பாடு இதுதான். 2017 முதல் 2019 வரையுள்ள தாள்களைக் கடிகாரம் இல்லாமல், ஒவ்வொரு வினாவாக, கற்றுக்கொள்வதற்காகப் போடுவது. 2020-க்குப் பிந்தியவற்றை 40 நிமிடம் வைத்துப் போடுவது. கடைசி இரண்டு வருடத் தாள்களை மட்டும் தேர்வுக்கு முந்தின மாதம் வரை பிரிக்கவே போவதில்லை. ஒருமுறை பார்த்த தாளில் மறுபடி எழுதினால் கிடைப்பது ஞாபகத்தின் மதிப்பெண்தான். யாராவது சேர்ந்து படிக்க வருவதாக இருந்தால் சாயங்காலம் லேபுக்கு வாருங்கள், ஆனால் அந்த இரண்டு வருடத் தாள்களைப் பற்றி மட்டும் என்னிடம் வாய் திறக்காதீர்கள்!