பூனை தந்த செல்வமா?

இங்கிலாந்தில் சிறுபிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்வார்கள். றிச்சர்ட் விற்றிங்டன் என்ற ஏழை அநாதைப் பையன் லண்டனுக்குப் போகிறான். அவனுடைய சொத்து ஒரு பூனை மட்டுமே. எலித் தொல்லையால் வாடிய தூரதேசத்து அரசன் ஒருவன் அந்தப் பூனையைப் பெரும் பொன் கொடுத்து வாங்குகிறான். பையன் செல்வந்தனாகி, நகர முதல்வரும் ஆகிறான்.

கேட்க இனிய கதைதான். ஆனால் விற்றிங்டன் இறந்து ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்குப் பின்னரே இது பரவியது. உண்மையான மனிதரிடம் நாம் கற்க வேண்டிய பாடம் வேறு.

காணி இல்லாத இளைய மகன்

விற்றிங்டன் 1350களில் குளொஸ்ரர்ஷயர் பகுதியில் போன்ட்லி என்னும் கிராமத்தில் பிறந்தார். தந்தைக்குக் காணி இருந்தது. ஆனால் அக்கால வழக்கப்படி அது மூத்த மகனுக்கே சேரும். இளையவருக்கு ஒரு தொழில்தான் வழி. அவர் லண்டனில் துணி வணிகரானார். பட்டும் வெல்வெட்டும் விற்றார். 1392 முதல் 1394 வரை இரண்டாம் றிச்சர்ட் மன்னர் மட்டும் அவரிடம் ஏறத்தாழ 3,500 பவுண் பெறுமதியான பொருட்களை வாங்கினார். பின்னர் மன்னர்களுக்கே கடன் கொடுக்கும் நிலைக்கு அவர் உயர்ந்தார்.

நகரத்தாரின் நம்பிக்கை

1392 இல் மன்னர் லண்டன் நகரத்தின் சுயாட்சி உரிமைகளைப் பறித்தார். 1397 இல் நகர முதல்வர் பதவிக் காலத்திலேயே இறக்க, மன்னர் தாமாகவே விற்றிங்டனை அப்பதவியில் அமர்த்தினார். மன்னரால் வந்தவர் மன்னர் பக்கமே நிற்பார் என்று பலர் நினைத்திருக்கலாம். ஆனால் அவர் மன்னரோடு பேசினார். 10,000 பவுண் செலுத்தி நகரம் தன் உரிமைகளை மீட்டுக்கொண்டது. அதே ஆண்டு ஒக்ரோபரில் நகரத்தார் தாங்களே அவரைத் தெரிவு செய்தனர். 1406 இலும் 1419 இலும் மீண்டும் தெரிவு செய்தனர்.

யாருக்காகச் சேர்த்தார்?

மனைவி அலிஸ் அவருக்கு முன்னரே இறந்தார். பிள்ளைகள் இல்லை. 1423 மார்ச்சில் அவர் இறந்தபோது, சொத்து பொதுக் காரியங்களுக்கே போனது. நியூகேற் சிறைச்சாலை திருத்திக் கட்டப்பட்டது. நகர மண்டபத்தில் நூல்நிலையம் எழுந்தது. வைத்தியசாலை ஒன்று பழுதுபார்க்கப்பட்டது. 13 ஏழைகளுக்கு ஓர் இல்லம் அமைந்தது. ஆண்களுக்கு 64, பெண்களுக்கு 64 இருக்கைகள் கொண்ட பொது மலசலகூடமும் அவருடைய பணத்தில் கட்டப்பட்டது. தேம்ஸ் நதியின் வற்றுப்பெருக்கு அதைக் கழுவிச் சென்றது.

மலசலகூடம் கட்டுவதைப் பெருமையாக நினைப்பவர் குறைவு. ஆனால் நெருக்கமாகப் பலர் சேர்ந்து வாழும் இடத்தில் அதன் அருமை நமக்குத் தெரியும்.

அது ஏன் நிலைத்தது?

அவர் பணத்தை ஒருவர் கையில் விடவில்லை. மரணசாசனத்தை நிறைவேற்ற நால்வரை நியமித்தார். அவர்களில் ஒருவர் நகரச் செயலாளரான ஜோன் காப்பென்ரர். அந்த நால்வர் ஏழைகள் இல்லத்துக்கு 1424 இல் எழுத்தில் விதிகள் வகுத்தனர். அதன் பொறுப்பைத் துணி வணிகர் சங்கத்திடம் ஒப்படைத்தனர். ஆட்கள் மறைந்தார்கள், சங்கம் இருந்தது. இல்லம் இடம் மாறியது. 1966 முதல் லண்டனுக்குத் தெற்கே பெல்பிறிட்ஜ் என்னும் இடத்தில் உள்ளது. 600 ஆண்டுகளாகியும் அந்தத் தருமம் தொடர்கிறது.

நல்ல மனம் தருமத்தைத் தொடக்கி வைக்கும். எழுதிய விதியும், பொறுப்பேற்ற சங்கமுமே அதைக் காத்து நிற்கும்.

கூடிப் பேசுவோம்

1. எமது சங்கத்தின் பொதுப்பணத்துக்கு எழுத்தில் விதி உண்டா? அதை எல்லோரும் அறிவார்களா?
2. பொறுப்பாக இருப்பவர் நாளை வேறிடம் போனால், கணக்கும் வேலையும் யாரிடம் போகும்?
3. நாம் இடம் மாற நேர்ந்தால், எம்மோடு எடுத்துச் செல்லக்கூடிய பொதுக் காரியம் எது?