அந்த வியாழக்கிழமை

அன்புள்ள வாசகருக்கு,

யார் கேட்டாலும் உங்கள் கதையை அப்பா கடையை மூடிய வருஷத்திலிருந்துதான் தொடங்குகிறீர்கள். அன்றைக்கே நீங்கள் வேறு ஆளாகிவிட்டதாகச் சொல்கிறீர்கள். உங்கள் அண்ணனோ, "அதற்கப்புறமும் நீ பழையபடிதானே சுற்றிக்கொண்டிருந்தாய்" என்று சிரிக்கிறார். இதில் யார் சொல்வது உண்மை என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் நினைவுதான் வந்தது.

தம் வாழ்க்கைக் கதையான 'என் சரித்திர'த்தை அவர் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940இல், எண்பத்தைந்து வயதை நெருங்கும்போது. 1942 ஏப்ரலில் காலமாகும் வரை எழுதியும் கதை 1890களைத் தாண்டவில்லை. அதைப் படிக்காதவர்களுக்குக்கூடத் தெரிந்த இடம் ஒன்று அதில் உண்டு: 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆன இருபத்தைந்து வயது இளைஞர், ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, தலபுராணம் என்று இவர் அடுக்குகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவருக்கு அடுக்குவதற்கா பஞ்சம்? முதலியார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்கிறார். சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்கிறார். இல்லை. புத்தகம் கிடைக்கவில்லை, கிடைத்தால் படித்துவிடுவேன் என்று மட்டும் இளைஞர் துணிந்து சொல்லிவைக்கிறார்.

பிறகு முதலியார் சிந்தாமணிப் பிரதி ஒன்றைக் கொடுக்கிறார். 1887இல் இவர் பதிப்பில் அது அச்சாகிறது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. இத்தனையும் முடித்த கிழவர் திரும்பிப் பார்க்கையில் அந்த வியாழக்கிழமை மலைபோல நிற்கிறது.

உங்கள் அண்ணன் அப்போது கும்பகோணத்தில் இருந்திருந்தால் வேறு கதை சொல்லியிருப்பார். முதலியாரைப் பார்த்து மூன்று வருஷம் கழித்து, 1883இல், சாமிநாதையர் பதிப்பித்தது என்ன தெரியுமா? தம் ஆசிரியர் பாடிய திருக்குடந்தைப் புராணம். முதலியார் பயனில்லை என்று தள்ளினாரே, அதே ரகம். ஆசிரியரின் பிரபந்தங்களை அவர் கடைசிவரை கைவிடவே இல்லை. தம் கதையை எழுதுவதற்கு முன் 1933, 34இல் இரண்டு பாகங்களாக எழுதியதும் ஆசிரியரின் சரித்திரத்தைத்தான். "ஒரே நாளில் மாறிவிட்டாராம்!" என்று அண்ணன் சிரித்தால் பதில் சொல்லக் கஷ்டம்தான்.

அதற்காக வியாழக்கிழமை பொய்யாகிவிடுமா? அன்றைக்கு நடந்தது என்று பார்த்தால், ஓர் அதிகாரி முன்னால் ஓர் இளம் வாத்தியார் கொஞ்சம் கூனிக்குறுகிய சம்பவம், அவ்வளவே. முதலியார் கொடுத்த சிந்தாமணியைப் புரியவில்லை என்று பெட்டியில் போட்டுப் பூட்டியிருந்தால், 'ஒரு முன்சீப் என்னை மட்டம் தட்டினார்' என்று ஒரு வரியோடு போயிருக்கும். அப்படிப் பூட்டவில்லை. புரியாத இடங்களுக்குக் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டார். ஏடு ஏடாகத் தேடி ஒப்பிட்டார். பின்னால் வந்த ஏழு வருஷ உழைப்புதான் முன்னால் நடந்த சந்திப்புக்கு அந்த உயரத்தைக் கொடுத்தது என்பது என் எண்ணம். சிந்தாமணிக்காகப் பிறந்தவன் நான் என்று தனக்குள் சொல்லிக்கொண்ட ஒருவரால், அடுத்த ஏட்டைத் தேடாமல் சும்மா இருக்கவும் முடியாது.

எழுதிவைத்த கதைக்கு இருக்கும் பலத்தையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து சி.வை. தாமோதரம் பிள்ளை 1885இலேயே தொல்காப்பியப் பொருளதிகாரத்தைப் பதிப்பித்தவர். சிந்தாமணி வந்த அதே 1887இல் அவருடைய கலித்தொகை வந்தது. பட்ட பாட்டைப் பதிப்புரைகளில் சொன்னார். 1901இல் போய்ச் சேர்ந்தார். 'என் சரித்திரம்' போல ஒன்று அவரிடமிருந்து நமக்குக் கிடைக்கவில்லை. பழைய இலக்கியம் மீண்ட கதையை மேடையில் சொல்கிற எவரும் இன்றைக்கும் முன்சீப் வீட்டு வாசலிலிருந்துதானே தொடங்குகிறார்கள்? ஒருவர் தம்மைப் பற்றிச் சொன்ன கதை, தமிழர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையாகவும் ஆகிவிட்டது. இது தாமோதரம் பிள்ளைக்கு நியாயமில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆகவே, கடை மூடிய வருஷத்தை நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம். அண்ணனோடு வழக்காடவும் வேண்டாம். அதற்கு அடுத்த மூன்று வருஷம் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று மட்டும் அவரிடம் விசாரியுங்கள். உங்களுக்கு மறந்துபோன திருக்குடந்தைப் புராணம் ஏதாவது அவர் ஞாபகத்தில் இருக்கும். என்னவென்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.