பீன்ஸில் என்ன கொழுப்பு என்று கேளுங்கள்

எல் பாசோவில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழக வளாகத்தின் மேட்டிலிருந்து பார்த்தால் தெற்கே மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரத்து வீடுகள் தெரியும். நடுவே ரியோ கிராண்டே ஆறும் எல்லை வேலியும்தான்.   ஹுவாரெஸிலிருந்து தினமும் பாலம் கடந்து படிக்க வருகிறவர்கள் இங்கே ஏராளம். வளாகத்துத் துரித உணவுக் கவுன்ட்டரில் என்ன வாங்குவது, எப்படிக் கேட்பது என்பதை நான் அவர்களிடம்தான் கற்றேன்.

அங்கே கிடைக்கும் மெக்சிகோ பாணிச் சாப்பாட்டில், சைவம் சாப்பிடுகிறவர்கள் பீன்ஸைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மசித்து வதக்கிய பிண்டோ பீன்ஸ் பார்ப்பதற்கு நம் பருப்பு மசியலைப் போலவே இருக்கும். ஆனால் இந்தப் பக்கத்துப் பழைய கைப்பக்குவம் அதைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதுதான். தக்காளி நிறத்தில் இருக்கும் சோற்றையும் பல சமையலறைகளில் கோழி வேகவைத்த நீரில் ஆக்குகிறார்கள். டோர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியைக் கோதுமையில் செய்தால் அந்த மாவிலும் கொழுப்பு சேர்வதுண்டு. மக்காச்சோள டோர்ட்டியா நம்பத் தகுந்தது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி அரைக்கும் மாவு அது. அதற்குக் கொழுப்பு தேவையில்லை.

அதனால் ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் மட்டும் போதாது. கொழுப்பு கலந்த பீன்ஸ் சமைப்பவர்கள் கணக்கில் இறைச்சி இல்லை. “தியேனே மன்தேகா?” என்று ஸ்பானிய மொழியில் கேளுங்கள். பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்று பொருள். நான் கேட்டபோதெல்லாம் யாரும் முகம் சுளித்ததில்லை. ஒரு அம்மா, “இரு மிஹோ” (இரு மகனே) என்று உள்ளே போய்ச் சமைத்தவரிடமே கேட்டு வந்து சொன்னார்.

பெரிய நிறுவனங்களின் கவுன்ட்டர் என்றால் உட்பொருள் பட்டியலை அவர்களே வெளியிடுகிறார்கள். வரிசையில் நிற்கும்போதே கைப்பேசியில் படித்துவிடலாம். உருளைக்கிழங்கு வறுவல்தானே என்று விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் வறுவலில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி சேர்கிறது. இந்துக்களும் சைவர்களும் தொடுத்த வழக்கில் அந்த நிறுவனம் 2002-இல் 1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

காரத்துக்கு இங்கே பஞ்சமில்லை. வடக்கே நியூ மெக்சிகோவின் ஹாட்ச் பகுதியில் விளையும் பச்சை மிளகாயை நெருப்பில் சுட்டுத் தோலுரித்துச் சேர்க்கிறார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் புதிய மிளகாய் வரும்போது அதன் வாசனைக்காகவே வாங்கலாம். ஆனால் ஒரு நாள் போல இன்னொரு நாள் உறைப்பு இருக்காது. சல்சாவைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்குங்கள்.

பலகையில் போட்டிருக்கும் விலையோடு 8.25 சதவீத விற்பனை வரி சேரும். எண்ணி வைத்த சில்லறை போதாமல் போகும். கோடையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும் பாலைவன ஊர் இது. குளிர்பானத்துக்குக் காசைக் கொட்டாமல் தண்ணீர்க் குவளை கேளுங்கள், பெரும்பாலும் இலவசமாகத் தருவார்கள்.

கூட்டம் நண்பகலில்தான் நெரியும். பாலத்து வரிசைக்குப் பயந்து விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்பும் ஹுவாரெஸ் மாணவர்கள் காலையிலேயே முட்டையும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டிய டோர்ட்டியாவான புரிட்டோவை வாங்கிக்கொள்வார்கள். வயிறு நிறையும், மதியம் வரை தாங்கும். கையைச் சுருக்கிச் செலவு செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல சாப்பாடு அந்தக் கவுன்ட்டரில் எனக்குத் தெரிந்து இல்லை.

கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவர் உங்கள் வகுப்புத் தோழராகவே இருக்கலாம். மாணவர் விசாவில் வந்தவர்களுக்குப் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வளாகத்துக்குள் வேலை செய்ய அனுமதி உண்டு. சாப்பாட்டுக் கடை அவர்களுக்குக் கிடைக்கும் வேலைகளில் ஒன்று. பெயர் கேட்டு, நன்றி சொல்லி வாங்குங்கள்.

மாதக் கடைசியில் கையில் காசில்லை என்றால் பட்டினி கிடக்காதீர்கள். மாணவர்களுக்கென்றே இலவச உணவுப் பொருள் வழங்கும் நிலையம் இந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.